ஒலி – ஒளி – ஒழி

1889-ஆம் ஆண்டு செருமானிய உடற்கூற்றியலார் கழகத்தின் பேரவை பெர்லின் பல்கலைக்கழகத்திற் கூடிற்று. கண்ணையும் மூளையையும் நரம்பையும் நுண்ணோக்கியின்கீழ் வைத்து ஆய்ந்த பேரறிஞர் பலர் அங்குக் குழுமியிருந்தனர். அக் கூட்டத்திற்கு இசுப்பானிய நாட்டுப் பார்சலோனாவினின்று, தம் சேமிப்பையெல்லாம் வழிச்செலவாக்கிக்கொண்டு ஒருவர் வந்திருந்தார். அவருக்குச் செருமானியம் பேச வராது. வந்த பிரஞ்சும் தட்டுத் தடுமாறிய பிரஞ்சே. அவர் கொண்டுவந்த பெட்டியில் விழித்திரையும் சிறுமூளையும் மெல்லிதாய்ச் சீவிச் சாயமேற்றப்பெற்ற கண்ணாடிச் சில்லுகள் இருந்தன. அவர் பெயர் சான்டியாகோ இரமோன் இ காகால்.

முதலில் எவரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. அற்றைச் செருமானிய உடற்கூற்றியலாருள் மூத்தவராகிய கோலிக்கரை அவரே அணுகி, ஏறத்தாழ இழுத்துக்கொண்டு வந்து, தம் நுண்ணோக்கியிற் பார்க்கச் செய்தார். கோலிக்கர் கண்டார், வியந்தார். நரம்பென்பது ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னிய வலையன்று, தனித்தனி உயிரணுக்களின் தொடரே என்னும் காகாலின் கொள்கைக்கு அன்றே உலகம் செவிசாய்க்கத் தொடங்கிற்று. 1906-ஆம் ஆண்டு நோபெல் பரிசும் வந்தது.

இவ் வரலாற்றை அறிவியல் மாணவர் அறிவர். அதற்கு முந்திய ஆண்டு நடந்ததைப் பலர் அறியார். 1888-ஆம் ஆண்டு மே திங்களில் காகால் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஓர் ஆய்விதழ் தொடங்கினார். அடித்த படிகள் 60. மொழி இசுப்பானியம். பறவையின் விழித்திரையைப் பற்றிய கட்டுரை அம் முதலிதழிலேயே வந்தது. அயல்நாட்டறிஞர்க்கு அதை அனுப்பினார். அவருட் பலர்க்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. ஆகவே தம் ஆய்வுகளுட் சிலவற்றைப் பிரஞ்சிலும் வெளிவரச் செய்தார். ஆயினும் இசுப்பானியத்தில் எழுதுவதை விட்டாரில்லை. பின்னர், அகவை எழுபதைக் கடந்த கோலிக்கர் காகாலின் நூல்களைப் படிப்பதற்கென்றே இசுப்பானியம் கற்றார். தாய்மொழியில் ஆய்வை எழுதியமை, பிறமொழியில் அதை உலகிற்குக் காட்டியமை ஆகிய இரண்டும் காகால் செய்த பணிகள். தமிழர் இரண்டாவதை நன்கு கற்றுக்கொண்டனர். முதலாவதை மட்டும் எங்கோ விட்டுவிட்டனர்.

செவியின் வரலாறும் இதுவே. எல்ம்கோல்ட்சு என்னும் செருமானியர் ஒலியுணர்வு பற்றிய தம் பெருநூலை 1863-ஆம் ஆண்டு தம் மொழியில் எழுதினார். ஆங்கிலேயர் அதைப் படிக்க வேண்டி 1875-ஆம் ஆண்டு எல்லிசு என்பார் ஆங்கிலத்திற் பெயர்த்தார். அன்று ஆங்கிலமே பெயர்த்துக்கொள்ளும் மொழியாயிருந்தது. உட்செவியிலுள்ள நத்தைச் சுருளில் ஒலி எங்ஙனம் அலையாய் ஓடுகின்றது என்பதை இறந்தோர் செவிகளைத் திறந்து கண்டறிந்த பெகேசி, புடாபெசுட்டு நகரில் தொலைப்பேசி ஆய்வகமொன்றிற் பணிபுரிந்தவர். அவர் 1928-ஆம் ஆண்டு அதை வெளியிட்டது செருமானியத்தில். தம் தாய்மொழியாகிய அங்கேரியத்தில் அன்று. இதை மறைக்கவேண்டுவதில்லை. சிறு நாட்டு அறிஞர் பெருமொழியொன்றைக் கருவியாய்க் கொள்ளுதல் உண்டு. 1961-ஆம் ஆண்டு அவர் நோபெல் பரிசு பெற்றபோது அப் பெருமொழியின் இடத்தில் ஆங்கிலம் வந்தமர்ந்துவிட்டது. 33 ஆண்டிற்குள் அரியணை மாறிற்று. இன்று அமர்ந்திருப்பதும் அங்ஙனமே மாறக்கூடும் என்பதை ஆங்கிலமே அறிவு என்று நம்புவோர் எண்ணிப்பார்ப்பதில்லை.

1959-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்க மாசாச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகம் புலன்வழிச் செய்தி பற்றி இரு கிழமை ஆய்வரங்கொன்று நடத்திற்று. கட்புலன், செவிப்புலன், சுவை, தொடுபுலன் ஆகிய துறைகளின் ஆய்வாளர் ஒருங்கே கூடினர். புலனியல் வரலாற்றில் அது பெயர்பெற்ற அரங்கு. விழித்திரை தான் கண்ட அனைத்தையும் மூளைக்கு அனுப்புவதில்லை, திரும்பத் திரும்ப வருவதைக் குறைத்துப் புதியதையே முகன்மையாய் அனுப்புகின்றது என்னும் பார்லோவின் கருத்து அங்கே எடுத்துரைக்கப்பெற்றது. தவளைக்கண்ணை ஆய்ந்த இலெட்வின் குழுவினரும் அவ் வரங்கிற் பங்கு கொண்டனர். தவளையின் கண்ணில் அசையும் சிறு கரும்புள்ளிக்கென்றே நரம்பிழைகள் உள்ளன. அசையாத ஈக்களைச் சுற்றிலும் குவித்துவைத்தாலும் அது பட்டினி கிடந்து சாகும் என்பது அவர்கள் உலகறியச் செய்த செய்தி. இதைக் குளக்கரையில் விளையாடும் சிற்றூர்ச் சிறுவனிடம் தமிழிற் சொன்னால், அவன் அன்று மாலையே ஒரு நூலில் பஞ்சுத் துணுக்கைக் கட்டித் தவளைமுன் ஆட்டிப் பார்ப்பான். அறிவியல் அங்கே தொடங்குகின்றது. ஆங்கிலத்திற் சொன்னால் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவான். தவளையைத் திரும்பியும் பாரான்.

அவ் வரங்கிற்குத் தோக்கியோவினின்று கட்சுகி என்னும் சப்பானியரின் ஆய்வும் சென்றது. பூனையின் செவிநரம்புகள் பற்றியது. அது ஆங்கிலத்திலேயே அச்சேறிற்று. ஆனால் சப்பானில் மருத்துவ மாணவன் செவியின் அமைப்பைச் சப்பானியத்திற் கற்கின்றான். அந் நாட்டுக் கழகங்கள் சப்பானியத்திற் கூடிப் பேசுகின்றன. பன்னாட்டரங்கிற்குப் பொதுமொழியொன்று வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. வழக்கு அதுவன்று. தமிழ்நாட்டில், தமிழர் பணத்தில் நடைபெறும் பல்கலைக்கழகத்தில், பேசுவோரும் தமிழர், கேட்போரும் தமிழர், ஆய்வுக்கு உட்பட்ட கண்ணும் செவியும் தமிழர் கண்ணும் செவியுமாய் இருக்கும்போது, அவ் வரங்கு எதற்காக முற்றும் ஆங்கிலத்தில் நடைபெறவேண்டும் என்பதே வழக்கு.

நடைமுறை அனைவரும் அறிந்ததே. தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து. 1970-ஆம் ஆண்டு அரசு விழாக்களில் பாடவேண்டுமென்று ஆணையிடப்பெற்று, 2021-ஆம் ஆண்டு மாநிலப் பாடலென அறிவிக்கப்பெற்றது அது. அனைவரும் எழுந்து நிற்பர், பாடல் முடியும், அமர்வர். அமர்ந்தபின் தமிழும் அமர்ந்துவிடும். வரவேற்புரையாளர் சிறப்பு விருந்தினருக்குத் துகில் போர்த்தும்போது ஒருகால் ஒரு தொடர் தமிழிற் சொல்வார். அதன்பின் மாலை நன்றியுரைவரை தமிழொலி அவ் வரங்கினுட் புகாது. தேநீர் இடைவேளையில் மட்டும் அனைவரும் தமிழிற் பேசிக்கொள்வர். கருத்தை உண்மையிற் பரிமாறிக்கொள்வதும் அவ் விடைவேளையில்தான்.

பிற துறையில் இங்ஙனம் நடப்பது பிழையென்றால், புலனியல் துறையில் நடப்பது நகைப்பிற்கிடமான பிழை. ஏனெனில், செவிப்புலனைத் தாய்மொழியே செப்பம் செய்கின்றது என்று நிறுவியது அத் துறையே.

கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள பிரித்தானியக் கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் வெர்க்கர் அம்மையாரும் தீசு என்பாரும் தொடங்கி, 1981-ஆம் ஆண்டிலும் 1984-ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகளை அத் துறையினர் அனைவரும் மேற்கோளாய் ஆள்வர். தாயின் மடியில் குழந்தை அமர்ந்திருக்கும். ஒலிபெருக்கியில் ஓர் ஒலி திரும்பத் திரும்ப வரும். அவ்வொலி வேறோர் ஒலியாய் மாறுங்கால் குழந்தை தலையைத் திருப்பினால், பக்கத்திலுள்ள பெட்டியில் விளக்கெரிந்து பொம்மையொன்று ஆடும். தாய் தன்னையறியாமற் குறிப்புக் காட்டிவிடாதவாறு அவள் செவியில் இசை ஒலித்துக்கொண்டிருக்கும். இங்ஙனம் ஆய்ந்த ஒலிகளுள் ஓரிணை இந்தியிலுள்ள தகரமும் டகரமும். ஆங்கிலேயர் செவிக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த 6 முதல் 8 திங்கள் குழந்தைகளிற் பெரும்பாலன அவற்றைப் பிரித்தறிந்தன! 10 முதல் 12 திங்களுக்குள் அத் திறன் ஏறத்தாழ மறைந்துவிட்டது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடமோ அது மறையவில்லை. கனடாவின் பழங்குடி மொழியொன்றின் ஒலியிணையை வைத்து ஆய்ந்தபோதும் அதுவே முடிவு.

(இந்தித் திணிப்பை எதிர்ப்போர் இந்தியொலியைக் கொண்டு செய்த ஆய்வை எடுத்துக்காட்டலாமோ என்று எவரேனும் கேட்கலாம். எதிர்ப்பது திணிப்பையே, ஒலிநூலை அன்று. தகர டகர வேறுபாடு தமிழுக்கும் உரியது. பத்து வேறு, பட்டு வேறு. கத்தி வேறு, கட்டி வேறு.)

பிறந்த குழந்தையின் செவி உலகமொழிகளின் ஒலிகளுட் பெரும்பாலனவற்றிற்கும் திறந்த வாயிலாயிருக்கின்றது. ஓராண்டு நிறைவதற்குள் அது தன்னைச் சூழ்ந்தோர் பேசும் மொழிக்கேற்பத் தன்னைத் திருத்தியமைத்துக் கொள்கின்றது. கேளாத வேறுபாடு அதற்குப் பொருளற்றதாகிவிடுகின்றது. வளர்ந்தபின் பயிற்சியால் ஓரளவு மீட்கலாம். ஆனால் குழந்தைக்கு விளையாட்டாய் வந்தது வளர்ந்தோர்க்கு வருத்தமாய் வரும். லகர ரகரங்களைப் பிரித்தறியச் சப்பானியர் படும் பாட்டை அவர்தம் நாட்டு ஆய்வாளரே 1971-ஆம் ஆண்டு எழுதியுள்ளனர்.

இனித் தமிழைக் கருதுக. ஒலி என்பது செவிப்புலனுக்குரியது. ஒளி என்பது கட்புலனுக்குரியது. இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு நாவின் நுனி எங்கே படுகின்றது என்பது மட்டுமே. அந் நா இன்னும் சற்றே உள்மடங்கி ஒன்றையும் தொடாது நின்றால் ஒழி என்றாகின்றது. கலை, களை, கழை என்பனவும் அத்தகையன. இவ் வேறுபாடுகளை ஓராண்டு நிரம்பாக் குழந்தை செவியில் ஏற்ற வேண்டுமாயின், அதன் தாயும் தந்தையும் பாட்டியும் அவற்றை வேறுபடுத்தி ஒலிக்க வேண்டும். அவர்கள் ஒலிப்பதில்லை என்பதே துயரம்.

இதற்கு ஆங்கிலத்தை மட்டும் குறைகூறல் முறையன்று. யாழ்ப்பாணத்திலும் பாண்டிநாட்டிற் பல பகுதிகளிலும் தமிழே பேசுவோர் ழகரத்தை ளகரமாய் ஒலிக்கின்றனர். நகர னகர வேறுபாடு ஏட்டில் இருக்கின்றது, நாவில் அரிதாகிவிட்டது. நன்றாய்த் தமிழறிந்த புலவர் சிலரே மேடையில் ‘தமிள்’ என்று முழங்கக் கேட்கலாம். வானொலியும் தொலைக்காட்சியும் செய்த கேடு சிறிதன்று. திரைப்பாட்டு நிகழ்ச்சியொன்றிற்கு ‘ஒலியும் ஒளியும்’ என்று தொலைக்காட்சியினர் அழகாய்ப் பெயரிட்டிருந்தனர். அதைக் குறிப்பிட்டோர் வாயில் அது ‘ஒலியும் ஒலியும்’ என்றே பெரும்பாலும் வந்தது.

ஆயினும் புதிதாய் வந்திருக்கும் கேடு வேறு வகையினது. பேச்சுவழக்கில் ஓரொலி மழுங்குவது ஒன்று. மொழியையே குழந்தையின் செவியினின்று விலக்குவது மற்றொன்று. மழலைப் பள்ளியின் நேர்காணலுக்கு அணியப்படுத்துவதாய் எண்ணி, தமக்கே நன்கு வாராத ஆங்கிலத்தில் ஐம்பது சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு குழந்தையோடு பேசும் பெற்றோர் நகர்தோறும் பெருகியுள்ளனர். 2012-ஆம் ஆண்டு முதல் அரசு பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாய்த் தொடங்கப்பெற்றமையால் சிற்றூரும் இதற்கு விலக்கன்று. அக் குழந்தைக்கு அவர்தம் அறிவும் அன்பும் சினமும் பழமொழியும் கதையும் சேரவில்லை. ஐம்பது சொல்லே சேர்ந்தது. இருமொழி நிரம்பக் கேட்டு வளரும் குழந்தை இரண்டையும் பெறும். ஆங்கிலங் கற்பதனால் தமிழ் அழியாது. தமிழை எடுத்துவிட்டு அவ் விடத்தில் அரைகுறை ஆங்கிலத்தை வைப்பதனாலேயே அழியும். குழந்தை இரண்டையும் இழக்கும்.

அலைபேசியைக் கையிற் கொடுத்து, ஆங்கிலப் பாட்டுகளைக் கேட்கச் செய்தால் மொழி வந்துவிடும் என்று நம்புவோர்க்கும் அத் துறையே விடையளித்துவிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் குல் அம்மையாரின் குழுவினர் 2003-ஆம் ஆண்டு ஓராய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 9 திங்கள் குழந்தைகளோடு சீனம் பேசுவோர் நேரில் அமர்ந்து 12 முறை விளையாடியும் படித்துக்காட்டியும் பழகினர். அக் குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைப் பற்றிக்கொண்டன. அதே ஆள்களை, அதே பேச்சை, தொலைக்காட்சித் திரையிலும் ஒலிப்பதிவிலும் பெற்ற குழந்தைகள் ஒன்றும் பற்றிக்கொள்ளவில்லை. குழந்தை மொழி கற்பது ஆளிடமிருந்து.

அங்கே கட்புலனும் வந்து சேர்கின்றது. பேசுவோர் முகத்தில் முதலிற் கண்களையே நோக்கும் குழந்தை, பிதற்றத் தொடங்கும் அகவையில், ஏறத்தாழ 8 திங்களில், வாயை நோக்கத் தொடங்குகின்றது. வாயசைவு செவியையே மாற்றும் என்பதை இங்கிலாந்தின் சர்ரேப் பல்கலைக்கழகத்தில் மெக்கர்க்கும் மெக்டொனால்டும் 1976-ஆம் ஆண்டு காட்டினர். ‘ப’ போன்ற ஒலியைச் செவிக்கு அளித்து, ‘க’ என்று சொல்லும் வாயைக் கண்ணுக்குக் காட்டினால், கேட்போர் ‘த’ போன்ற மூன்றாம் ஒலியொன்றைக் கேட்டதாகச் சொல்கின்றனர்! கண்ணை மூடினால் ‘ப’ மீள்கின்றது. ‘நான் சொல்லும்போது என் வாயைப் பார்’ என்று பழைய திண்ணைப்பள்ளி ஆசிரியர் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்ததன் பொருள் இதுவே. அவருக்கு மெக்கர்க்கைத் தெரியாது; மாணவனின் கண்ணையும் செவியையும் தெரியும்.

காலம் தவறினால் என்னாகும் என்பதற்குக் கட்புலனாய்வே சான்று. ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்தில் இயூபெல், வீசல் என்பார் பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடி, சில திங்கள் கழித்துத் திறந்தனர். கண்ணில் குறையில்லை, ஆனால் மூளை அக் கண்ணை ஏற்கவில்லை. வளர்ந்த பூனைக்கு அங்ஙனம் செய்தால் அக் கேடு நிகழ்வதில்லை. வாயில்லா உயிர்க்கு இழைத்த கொடுமை அது என்பதில் ஐயமில்லை. அதனாற் கிடைத்த அறிவு, பிறவிக் கண்படலமுள்ள குழந்தைக்கு விரைந்து அறுவை செய்யவேண்டும் என்னும் நெறிக்கு வலிமை தந்தது. 1981-ஆம் ஆண்டு அவ்விருவர்க்கும் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

செவிக்கும் இத்தகைய காலம் உண்டு. அங்கேதான் தமிழ்நாட்டில் மொழிச்சிக்கல் வெறும் மானச்சிக்கலாய் நில்லாது உயிர்ச்சிக்கலாய் மாறுகின்றது. பிறவியிலேயே செவி கேளாத குழந்தையை 1 திங்களுக்குள் ஆய்ந்து, 3 திங்களுக்குள் உறுதிசெய்து, 6 திங்களுக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்கவேண்டும் என்பது மருத்துவர்தம் நெறி. முற்றுங் கேளாத செவிக்குள் மின்கருவி பொருத்துவதாயின், மூன்றரை அகவைக்குமுன் பொருத்தினால் மூளையின் செவிப்பகுதி நன்கு வளரும். ஏழைத் தாண்டினால் பயன் மிகக் குறையும். பலநூறாயிரம் உருபா விலையுள்ள அக் கருவியைத் தமிழ்நாட்டரசு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் 6 அகவைக்குட்பட்ட குழந்தைகட்குக் கட்டணமின்றிப் பொருத்துகின்றது. பாராட்டுதற்குரிய செயல்.

கருவி உள்ளது, அறுவை மருத்துவர் உள்ளனர், பணமும் உள்ளது. இல்லாதது ஒன்றே. இரண்டகவையாகியும் பேசாத பிள்ளையைப் பார்த்துப் பாட்டி, “அவன் அப்பனும் பிந்தித்தான் பேசினான்” என்கின்றாள். தாய் காத்திருக்கின்றாள். கோயிலுக்கு நேர்ந்துகொள்கின்றாள். கதவு சாத்தும் ஓசைக்குப் பிள்ளை திரும்புவதைக் கண்டு ஆறுதலடைகின்றாள். அது அதிர்வை உடலால் உணர்ந்து திரும்பியதென்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியோர், அச் செய்தியை அரங்கில் திரையொளிப் படத்தோடு ஒருவருக்கொருவர் ஆங்கிலத்திற் சொல்லிக்கொண்டிருந்தனர். ஊர்ச் செவிலியும் மழலைக்கூடப் பணிப்பெண்ணும் அவ் வரங்கிற்கு அழைக்கப்பெறவில்லை. அழைக்கப்பெற்றிருந்தாலும் அவர்கட்கு விளங்கியிராது. அறுவைக்குப் பின்னரும் முதற்பணி தாயினுடையது. நாள்தோறும் அவள் பேசப் பேசத்தான் அக் கருவி செவியாகும். எந்த மொழியிற் பேசுவாள்? எந்த மொழியில் அவளுக்குத் தாலாட்டு வருமோ, எந்த மொழியில் அவளுக்குச் சினம் வருமோ, அந்த மொழியில்.

இத்துணையும் கேட்டபின்னும் ஆங்கிலப் பற்றாளர் சொல்லும் மறுமொழி ஒன்று உண்டு: ‘தமிழிற் சொல்லில்லை’ என்பது. விழித்திரை, கண்பாவை, விழிவில்லை, செவிப்பறை, சுத்தியெலும்பு, பட்டடையெலும்பு, அங்கவடியெலும்பு ஆகியவை தமிழ்வழிப் பள்ளி மாணவன் அறிந்த சொற்கள். கொல்லன் பட்டறையும் குதிரையின் மிதிபடியும் கண்ட சிறுவன் அவ் வெலும்புகளின் வடிவைப் படமின்றியே அறிவான். ஆங்கில மருத்துவ மாணவன் மனப்பாடம் செய்யும் இலத்தீன் பெயர்களுக்கும் அதுவே பொருள். உட்செவியின் சுருளுக்கு அந் நாட்டார் நத்தையின் பெயரையே வைத்தனர். தமிழன் ‘நத்தைச்சுருள்’ என்றால் நகைப்போர், அதன் கிரேக்க மூலத்தைச் சொன்னால் தலைவணங்குவர்.

புலன் என்னும் சொல்லே எண்ணத்தக்கது. அதனின்று புலப்படுதலும், புலமையும், புலவனும் பிறந்தன. ஐம்புலனறிவும் நூலறிவும் ஒருவேரின என்று இம்மொழி கொண்டது. கேள்வி என்பது செவியாற் பெறுவதையும் குறிக்கும், கற்றறிதலையும் குறிக்கும், வினாவையும் குறிக்கும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை புலன்வழிப் பகுத்து, தொடுவுணர்வை முதலிலும் செவியை ஐந்தாவதாகவும் மனத்தை ஆறாவதாகவும் வைத்தது. பிறப்பியல் ஒலிபிறக்கும் உறுப்புகளை வகுத்துச் சொல்லிற்று. இவற்றைக் கொண்டு இக்கால நரம்பியலெல்லாம் தொல்காப்பியர்க்குத் தெரியும் என்று மேடையிற் பறைசாற்றுவது வீண்பெருமை. அவ்வாறு பேசுவோராலேயே தமிழ் நகைப்பிற்கிடமாகின்றது. அந் நூல் காட்டுவது முடிவையன்று, இப் பொருளைத் தமிழில் எண்ணமுடியும் என்பதை.

எண்ணியோரும் உளர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை முதலிய துறை நூல்களைத் தமிழிற் பெயர்த்தார். அவர் ஆண்ட சொற்களிற் பல வடசொற்கள். உடற்கூற்றைக்கூட ‘அங்காதிபாதம்’ என்றே குறித்தார். அக் குறையைச் சுட்டுவது எளிது. அயல்நாட்டார் ஒருவர் 1873-ஆம் ஆண்டு இலங்கையை விட்டு நீங்கும்வரை செய்த பணியைத் தமிழ் மருத்துவக் கல்லூரிகள் ஏன் தொடரவில்லை என்று சொல்வதே அரிது.

தூய தமிழ்ப் பற்றாளர் தம் குறையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒரே பொருளுக்கு ஐவர் ஐந்து சொல் படைத்து, எவர் சொல் தூயதென்று பத்தாண்டு வழக்காடி, அதற்குள் மாணவன் ஆங்கிலச் சொல்லையே பழகிவிட்ட கதைகள் பல. சொற்பட்டியல் அச்சாகி அடுக்கில் உறங்குவதால் மொழி வளராது. சொல் அரங்கிற் பேசப்படவேண்டும். கேட்டவன் விளங்கவில்லை என்று கையுயர்த்த வேண்டும். பேசியவன் வேறுசொல் தேடவேண்டும். அவ் வேலை நடைபெறுதற்குரிய இடம் ஆய்வரங்கே. அங்கே தமிழை நுழையவிடாமல், தமிழிற் சொல்லில்லை என்பது, குளத்தைப் பூட்டிவைத்துவிட்டு ஊரார்க்கு நீந்தத் தெரியவில்லை என்பது போலும்.

பன்னாட்டறிஞர் வரும் அரங்கு ஆங்கிலத்தில் நடக்கட்டும். ஆனால் அரசு பணத்தில் நடைபெறும் ஒவ்வொரு புலனியல் அரங்கிலும், படிக்கப்பெறும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒருபக்கத் தமிழ்ச்சுருக்கம் முன்கூட்டியே வேண்டும். அது மொழிபெயர்ப்பாளரிடம் விடப்படாமல் ஆய்வாளராலேயே எழுதப்பெற வேண்டும். இரண்டாம் நாள் பிற்பகல் முழுதும் தமிழில் நடைபெறவேண்டும். மாவட்டச் செவிலியர், மழலைக்கூடப் பணியாளர், செவிப்பயிற்சி ஆசிரியர், கருவி பொருத்தப்பெற்ற குழந்தைகளின் தாயர் ஆகியோர் முன்வரிசையில் அமர்த்தப்பெற வேண்டும். அவர்கட்கு வழிச்செலவு கொடுப்பதற்கு, விருந்தினர்க்குப் போர்த்தும் துகில்களுக்கு ஆகும் பணமே போதும்.

முதலாண்டு பேராசிரியர்கள் திணறுவர். ஆங்கிலத்தில் ஒருமணி நேரம் தடையின்றிப் பேசுவோர், செவிநரம்பு என்ன செய்கின்றது என்பதை ஒரு தாய்க்கு விளங்கச் சொல்லும்போது பத்து மணித்துளியில் வியர்த்துப்போவர். அத் தாய் கையுயர்த்தி, தன் பிள்ளை வலப்பக்கம் கூப்பிட்டால் மட்டும் ஏன் திரும்புகின்றான் என்று கேட்பாள். அவ் வினாவிற்கு விடை சொல்லிவிட்டே அவர் தேநீருக்குச் செல்ல வேண்டும்.